ஆனந்த்குமார் வேல்குமார்

ஆனந்த்குமார் வேல்குமார் தமிழ்நாட்டைச் சேர்ந்த இன்லைன் ஸ்பீடு ஸ்கேட்டிங் வீரர். உருளைச் சறுக்கு வேகப் பந்தயங்களில் உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹே நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், மூத்தோர் ஆடவர் 1000 மீட்டர் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 22. அதே தொடரில் 500 மீட்டரில் வெண்கலமும், 42 கிலோமீட்டர் மாரத்தானில் இன்னொரு தங்கமும் பெற்றார்.

ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும் பந்தயம் ஒன்று, ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் பந்தயம் இன்னொன்று. இரண்டையும் ஒருவரே வென்றார் என்பது தடகளச் செய்திகளுக்குப் பழகிய வாசகருக்கு விசித்திரமாகத் தோன்றும். ஓட்டத்தில் 800 மீட்டர் வீரர் எவரும் மாரத்தானில் தங்கத்தை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்கேட்டிங்கில் அது எப்படி இயலுகிறது என்பது தெரிந்தால்தான் ஆனந்த்குமாரின் ஆட்ட வாழ்க்கை புரியும்.

விளையாட்டின் அமைப்பு

ஸ்கேட்டிங் என்றதும் நான்கு சக்கரங்கள் இரண்டு இரண்டாக அமைந்த காலணியே பலருக்கும் நினைவுக்கு வரும். அது குவாட் ஸ்கேட். 1863-ல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்டன் உருவாக்கியது. உடலைச் சாய்த்தால் சக்கரம் தானே திரும்பும்படி அவர் செய்த ஏற்பாடுதான் ஸ்கேட்டிங்கை எல்லோருக்கும் உரிய பொழுதுபோக்காக ஆக்கியது. சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த காலணி இன்லைன் ஸ்கேட். வரிசைச் சக்கரம் குவாட்டைவிடப் பழைய யோசனை. ஆனாலும் 1980-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ரோலர்பிளேடு நிறுவனம் விற்கத் தொடங்கிய பிறகே அது உலகெங்கும் பரவியது. இன்று சர்வதேச வேகப் பந்தயங்கள் இன்லைன் காலணியில்தான் நடக்கின்றன.

பந்தயக் காலணி கடையில் சிறுவர்களுக்கு வாங்கித் தரும் காலணி போன்றதல்ல. கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும். கார்பன் இழையால் செய்யப்பட்டு, வீரரின் பாத அளவுக்கே வார்த்ததுபோலப் பொருந்தும். அடியில் அலுமினியச் சட்டம். அதில் 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு சக்கரங்களோ 125 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று சக்கரங்களோ இருக்கும். சக்கரம் பாலியூரித்தேனால் ஆனது. அதன் கடினத்தன்மையைத் தரைக்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். பிரேக் கிடையாது. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஒரு வண்டியில் பிரேக் இல்லை என்றால் யாரும் ஏறமாட்டார்கள். ஸ்கேட்டிங் வீரர்கள் பின்காலைக் குறுக்காக வைத்து இழுத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

பந்தயங்கள் டிராக், சாலை என இரு வகை. டிராக்கின் சுற்றளவு 200 மீட்டர். வளைவுகளில் வெளிப்புறம் உயர்ந்து, கிண்ணத்தின் பக்கவாட்டைப் போலச் சாய்ந்திருக்கும். தூரத்தை வைத்து மட்டும் பந்தயங்கள் பிரிக்கப்படுவதில்லை. எலிமினேஷன் பந்தயத்தில் குறிப்பிட்ட சுற்றுகளின் முடிவில் கடைசியாக வருபவர் வெளியேற்றப்படுவார். பாயின்ட்ஸ் பந்தயத்தில் இடையிடையே அறிவிக்கப்படும் சுற்றுகளில் முன்னால் வருபவர்களுக்குப் புள்ளிகள் உண்டு. ஆகவே நீண்ட பந்தயம் என்றால் ஒரே சீரான வேகத்தில் ஓடுவது அல்ல. அதற்குள் பல குறும்பந்தயங்கள் ஒளிந்திருக்கின்றன.

இபாகே, 2021

2021-ல் கொலம்பியாவின் இபாகே நகரில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. இளையோர் ஆடவர் 15 கிலோமீட்டர் எலிமினேஷன் பந்தயத்தில் ஆனந்த்குமார் வெள்ளி வென்றார். உலக வேக ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது.

கொலம்பியாவில் வென்றதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அந்த நாட்டில் ஸ்பீடு ஸ்கேட்டிங் ஏறக்குறைய அப்படி. நகரந்தோறும் டிராக்குகள், பள்ளி வயதிலேயே தொடங்கும் பயிற்சி, உலக சாம்பியன்களின் நீண்ட வரிசை எல்லாம் அங்கே உண்டு. இந்தியாவிலிருந்து போன ஓர் இளைஞர் அங்கே, உள்ளூர்ப் பார்வையாளர்கள் முன்னால், அவர்கள் வலுவாக இருக்கும் நீண்டதூரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார்.

எலிமினேஷன் பந்தயம் ஒரு வீரரின் அறிவைச் சோதிக்கும். முன்னணியிலேயே ஓடினால் காற்றைக் கிழிக்கும் வேலை முழுவதும் அவர் தலையில் விழும். பின்னால் ஒளிந்துகொண்டால் அடுத்த மணி அடிக்கும்போது கடைசி ஆளாகிவிடும் ஆபத்து. நடுவில் இருந்தால் இருபுறமும் ஆட்கள் நெருக்க, வெளியே வர வழி இருக்காது. எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக முடிவு செய்ய வேண்டும். இந்தப் பள்ளியில் தேர்ந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அவரது பிற்கால மாரத்தான் வெற்றி அவ்வளவு வியப்பளிக்காது.

ஹாங்சோ ஆசிய விளையாட்டு

சீனாவின் ஹாங்சோ நகரில் 2023 அக்டோபர் 2 அன்று நடந்த ஆடவர் 3000 மீட்டர் ரிலே பந்தயத்தில் இந்தியா வெண்கலம் வென்றது. அணியில் ஆனந்த்குமார் வேல்குமார், ஆர்யன்பால் சிங் குமன், சித்தாந்த் ராகுல் காம்ப்ளே, விக்ரம் ராஜேந்திர இங்களே ஆகியோர் இடம்பெற்றனர். நேரம் 4 நிமிடம் 10.128 வினாடி. அதே நாளில் மகளிர் 3000 மீட்டர் ரிலேயிலும் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ், சஞ்சனா பத்துலா, ஹீரல் சாது ஆகியோர் அந்த அணியினர். அந்த ஆசிய விளையாட்டில் இந்தியா வென்ற 107 பதக்கங்களில் இவை இரண்டும் அடங்கும்.

ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங்கில் இந்தியா முதன்முதலில் பதக்கம் பெற்றது 2010-ல், குவாங்சோவில். ஆனால் அது வேகப் பந்தயத்தில் அல்ல. அனுப் குமார் யாமா கலை ஸ்கேட்டிங்கின் தனிநபர் பிரிவிலும், அவனி பஞ்சாலுடன் இணைந்து இணையர் பிரிவிலும் வெண்கலம் வென்றார்.

ரிலேயில் கையில் கோல் எதுவும் இல்லை. ஓடி வருபவர் தன் அணியின் அடுத்த வீரரைப் பின்னாலிருந்து கைகளால் தள்ளிவிடுவார். தன் வேகத்தின் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்துவிட்டு விலகுவார். தள்ளும் நேரம் சற்றுத் தவறினாலும் இருவரும் விழுவார்கள்.

இந்தியா மூன்றாவதாக வந்த அந்த ஆடவர் ரிலே பந்தயத்தின் முதல் இரண்டு இடங்கள் உலகெங்கும் செய்தியாயின. தென்கொரியாவின் கடைசி வீரர் ஜங் சொல்-வன் முன்னணியில் வந்துகொண்டிருந்தார். வெற்றி உறுதி என்று எண்ணிக் கோட்டுக்குச் சற்று முன்பே நிமிர்ந்து கைகளை உயர்த்திவிட்டார். பின்னால் வந்த சீன தைபேயின் ஹுவாங் யு-லின் கடைசி நொடியில் இடது காலை முன்னே நீட்டினார். தைபேயின் நேரம் 4 நிமிடம் 5.692 வினாடி, கொரியாவின் நேரம் 4 நிமிடம் 5.702 வினாடி. வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் அது 12 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய அரைச் சாண்.

தென்கொரியாவில் ஆசிய விளையாட்டில் தங்கம் வெல்பவருக்குக் கட்டாய ராணுவப் பணியிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளிக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த அரைச் சாண் தூரத்தோடு அதுவும் போயிற்று. ஜங் பின்னர் தன் அணியினரிடம் மன்னிப்புக் கேட்டார். ஸ்கேட்டிங்கில் கோட்டைத் தொடுவது மார்போ தலையோ அல்ல, காலணியின் முன்சக்கரம். அதனால்தான் எல்லா வீரர்களும் கடைசியில் ஒரு காலை முன்னே எறிவதைத் தனியாகப் பயிற்சி செய்கிறார்கள்.

செங்டு, 2025

ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்காக 1981 முதல் நடத்தப்படுவது உலக விளையாட்டுகள். அதன் 2025-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆகஸ்டில் சீனாவின் செங்டு நகரில் நடந்தது. 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் ஆனந்த்குமார் 1 நிமிடம் 22.482 வினாடியில் வந்து வெண்கலம் பெற்றார். உலக விளையாட்டுகளில் ரோலர் விளையாட்டுப் பிரிவில் இந்தியாவுக்கு இது முதல் பதக்கம். அந்தப் பதிப்பில் இந்தியா மொத்தம் மூன்று பதக்கங்கள் பெற்றது. மற்ற இரண்டும் வூஷுவில் நம்ரதா பத்ரா பெற்ற வெள்ளியும், கூட்டுவில் அம்பெய்தலில் ரிஷப் யாதவ் பெற்ற வெண்கலமும்.

இளையோராக 15 கிலோமீட்டரில் பதக்கம் பெற்றவர் மூத்தோராக 1000 மீட்டரில் உலகத் தரத்தைத் தொட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வந்த தங்கத்துக்கு இதுவே முன்னறிவிப்பு.

பெய்தைஹே, 2025

பெய்தைஹே, போஹாய் கடலோரத்தில் உள்ள ஒரு சிறு கடற்கரை நகர். உலக சாம்பியன்ஷிப் 2025 செப்டம்பரில் அங்கே நடந்தது. 500 மீட்டர் ஸ்பிரிண்டில் 43.072 வினாடியில் வந்து ஆனந்த்குமார் வெண்கலம் வென்றார். மூத்தோர் பிரிவில் இந்தியாவின் முதல் உலகப் பதக்கம் அதுதான். அடுத்து 1000 மீட்டரில் 1 நிமிடம் 24.924 வினாடியில் தங்கம். இளையோர் 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் கிரிஷ் சர்மாவும் தங்கம் வென்றார். அதுவரை ஒரு தங்கமும் பெறாத நாடு ஒரே தூரத்தில் இரண்டு வயதுப் பிரிவுகளிலும் உலகப் பட்டத்தைப் பெற்றது. பிரதமர் உள்ளிட்டோர் வாழ்த்துத் தெரிவித்தனர். சில நாட்கள் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் ஸ்கேட்டிங் இடம்பிடித்தது.

1000 மீட்டர் நேரத்தைக் கணக்கிட்டால் சராசரி வேகம் வினாடிக்கு 11.8 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். நின்ற இடத்திலிருந்து புறப்பட்ட நேரமும் இதில் அடக்கம். செங்டுவில் மூன்றாவதாக வந்தபோது அவரது நேரம் இதைவிட இரண்டரை வினாடி குறைவு என்பதைப் பார்த்துச் சிலர் குழம்பலாம். இறுதிப் பந்தயத்தில் வீரர்கள் கடிகாரத்தோடு போட்டியிடுவதில்லை. முதல் சுற்றுகளில் யார் முன்னால் போவது என்று ஒருவரையொருவர் அளந்துகொண்டு மெதுவாகப் போனால் மொத்த நேரம் கூடும். யார் முதலில் கோட்டைத் தொட்டார் என்பதே கணக்கு.

வளைவில் நடப்பது

200 மீட்டர் டிராக்கில் 1000 மீட்டர் என்றால் ஐந்து சுற்றுகள், பத்து வளைவுகள். பந்தயம் பெரும்பாலும் வளைவில்தான் முடிவாகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு வளைவின் இயற்பியல் பாடமாகச் சொல்லப்பட வேண்டியதில்லை. வண்டி திரும்பும்போது உடல் எதிர்ப்பக்கம் சாயும். கம்பியைப் பிடிக்காதவர் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் போய் விழுவார். 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் பேருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் வருவது மையநோக்கு முடுக்கம். இங்கே அது வினாடிக்கு வினாடி சுமார் 2 மீட்டர். அதே ஆரமுள்ள வளைவில் வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் போகும் ஸ்கேட்டிங் வீரருக்கு 9.6 மீட்டர். அதாவது பேருந்துப் பயணி உணர்வதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். புவியீர்ப்பு முடுக்கத்துக்கு ஏறக்குறைய சமம்.

இதைச் சமாளிக்க அவர் செங்குத்திலிருந்து 44 பாகை வரை உள்ளே சாய வேண்டியிருக்கும். தட்டையான தரை என்றால் அவ்வளவு சாய்வில் சக்கரம் வழுக்கிவிடும். டிராக்கின் வெளிப்புறத்தை உயர்த்திக் கட்டுவது இதனால்தான். மலைச்சாலைப் பொறியாளர்கள் வளைவின் வெளிவிளிம்பைச் சற்று உயர்த்தி அமைப்பதும் இதே கணக்கில்தான்.

வளைவில் வீரர் சும்மா சாய்ந்து போவதில்லை, அங்கேயும் உந்துகிறார். பந்தயம் எப்போதும் இடப்புறமாகச் சுற்றும். வலது காலை இடது காலுக்கு மேலாகக் குறுக்கே எடுத்து வைத்து, அடியில் மாட்டிய இடது காலால் வெளிப்புறமாகத் தள்ளுவார். இதற்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். நேர்பாதையில் வேறு உத்தி. சாதாரணமாக ஒரு கால் வெளிப்புறம் தள்ளும்போது மட்டுமே வேகம் கிடைக்கும். காலைத் தரையில் வைத்தவுடன் முதலில் உள்நோக்கி ஒரு தள்ளு, பிறகு வெளிநோக்கி ஒரு தள்ளு என்று ஒரே அடியில் இரண்டு உந்துதல் பெறும் முறையை 1990-களில் அமெரிக்க வீரர் சாட் ஹெட்ரிக் பிரபலமாக்கினார். அதன் பெயர் டபுள் புஷ். இன்று இதைக் கல்லாதவர் உலகப் பந்தயத்தில் நிற்க முடியாது.

இத்தனையும் தொடை தரைக்கு இணையாக வரும் அளவுக்கு முழங்காலை மடக்கிக் குனிந்த நிலையில் நடக்க வேண்டும். அந்த நிலையில் அசையாமல் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும், இது எவ்வளவு கடினம் என்பது தொடைக்குத் தெரிந்துவிடும்.

குறுந்தூரமும் மாரத்தானும்

காற்றின் தடை, வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும். அதை வெல்லச் செலவாகும் ஆற்றல் மும்மடி விகிதத்தில் கூடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடும் மனிதருக்குக் காற்று பெரிய எதிரியல்ல. 40 கிலோமீட்டரில் போகும் ஸ்கேட்டிங் வீரருக்கு அதுவே முதல் எதிரி. ஆகவே மாரத்தானில் வீரர்கள் தனித்தனியே ஓடாமல், சைக்கிள் பந்தயக்காரர்களைப் போல ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு போகிறார்கள். முன்னால் இருப்பவர் காற்றைப் பிளக்க, பின்னால் இருப்பவர்கள் அந்த நிழலில் வருகிறார்கள்.

இதன் விளைவு முக்கியமானது. ஒருவர் தனியே பிய்த்துக்கொண்டு முன்னேறினால் துரத்தும் கூட்டம் முறைவைத்து முன்னால் வந்து எளிதில் பிடித்துவிடும். எனவே 42 கிலோமீட்டர் மாரத்தான் பெரும்பாலும் ஒரு பெருங்கூட்டமாகக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை வந்து, அங்கே ஸ்பிரிண்டாக மாறுகிறது. அந்தக் கட்டத்தில் மூன்று விஷயங்கள் வேண்டும். அதுவரை கூட்டத்தோடு தாக்குப்பிடிக்கும் நுரையீரல், அடைபடாமல் சரியான இடத்தில் இருக்கும் சாதுரியம், ஒரு நிமிடம் முழு வேகத்தில் போகும் தொடை. முதல் இரண்டும் ஆனந்த்குமாரிடம் இளையோர் எலிமினேஷன் காலத்திலேயே இருந்தன. மூன்றாவதை அவர் 1000 மீட்டரில் வளர்த்துக்கொண்டார். தூய ஸ்பிரிண்ட் வீரர் கடைசி கிலோமீட்டரை எட்டும் முன்பே களைத்திருப்பார். தூய நீண்டதூர வீரர் எட்டினாலும் அங்கே வேகம் இல்லாமல் தவிப்பார். பெய்தைஹேயில் மாரத்தான் தங்கம் 1000 மீட்டர் தங்கத்தின் தொடர்ச்சி என்று சொல்வதே பொருத்தம்.

ஆயினும் செய்திகளில் 1000 மீட்டர் பெற்ற கவனத்தில் பாதிகூட மாரத்தானுக்குக் கிடைக்கவில்லை. முதல் தங்கம் என்ற சொல்லின் பளபளப்பு அப்படிப்பட்டது.

ஒலிம்பிக்குக்கு வெளியே

இன்லைன் ஸ்பீடு ஸ்கேட்டிங் ஒலிம்பிக்கில் இல்லை. 2018-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதே அது எட்டிய உயரம். உலக அமைப்பான வேர்ல்ட் ஸ்கேட்டின் கீழ் வரும் ஸ்கேட்போர்டிங் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் போனது. வேகப் பந்தயம் வெளியே நிற்கிறது. வேலைவாய்ப்பும், பரிசுத் தொகையும், நிறுவனங்களின் ஆதரவும் ஒலிம்பிக் என்ற சொல்லைச் சுற்றியே நம் நாட்டில் சுழல்வதால், உலக சாம்பியன் ஆன பிறகும் ஒரு ஸ்கேட்டிங் வீரர் தன் விளையாட்டு என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது.

பனி ஸ்பீடு ஸ்கேட்டிங் 1924-ல் சாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்தே உண்டு. சக்கரத்தில் தேர்ந்தவர்கள் ஒலிம்பிக் கனவுக்காகப் பனிக்கு மாறுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மேலே குறிப்பிட்ட சாட் ஹெட்ரிக் 2006-ல் டூரினில் 5000 மீட்டர் தங்கம் வென்றார். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் இன்லைனில் பல உலகப் பட்டங்களைப் பெற்றவர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மாஸ் ஸ்டார்ட் பந்தயத்தில் தங்கம் வென்றார். இரண்டு விளையாட்டுக்கும் குனிந்த உடல்நிலை, பக்கவாட்டு உந்துதல், வளைவில் குறுக்கடி எல்லாம் பொது.

இந்தியாவில் அந்த வழி குறுகலானது. 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டப்பட்ட ஹிமாத்ரி பனித்தளம் நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2025-ல்தான் மீண்டும் சர்வதேசப் போட்டிக்குத் திறந்தது. ஆனந்த்குமாரின் விளையாட்டில் இப்போதைக்கு உச்சமான மேடைகள் உலக சாம்பியன்ஷிப்பும் உலக விளையாட்டுகளுமே. அடுத்த உலக விளையாட்டுகள் 2029-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடைபெற உள்ளன.

சிறுநகரமும் மலையும்

இந்தியாவில் ஸ்கேட்டிங் பெருநகர விளையாட்டாகவே வளர்ந்தது. காரணம் எளிது. சக்கரத்துக்கு வழவழப்பான தரை வேண்டும், பந்தயத்துக்குச் சாய்வு வளைவுள்ள டிராக் வேண்டும். காலணியும் வளரும் வயதில் அடிக்கடி மாற்ற வேண்டியது. நம் நாட்டுப் போட்டிகளில் சிறுவர்களுக்கு அளவு கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்கேட், குவாட், இன்லைன் என்று தனித்தனிப் பிரிவுகள் இருப்பது இந்தச் செலவைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும் ஏற்பாடு. அட்ஜஸ்டபிளில் தொடங்கும் குழந்தை விளையாட்டில் நிற்குமா என்று பெற்றோர் பார்த்துவிட்டு, பிறகு அடுத்த காலணியை வாங்கலாம்.

2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் பெரிதும் விவசாய மாவட்டம். அதன் மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் பரவியுள்ளன. பெரிய கல்வராயனின் மேடான பகுதிகள் ஏறத்தாழ 4,000 அடி உயரம். ஆனந்த்குமார் முதல் உலகப் பதக்கம் பெற்ற இபாகேவும் ஆண்டிஸ் மலைத்தொடரில் கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருக்கும் ஊர்தான். உயரமும் மலையும் கொலம்பியாவை ஸ்கேட்டிங் நாடாக ஆக்கவில்லை. டிராக்கும் பயிற்றுநரும் ஆக்கினார்கள்.

மலைச்சாலையில் ஸ்கேட்டிங் பழகுவது சரியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரேக் இல்லாத காலணி, இறக்கம், சரளைக்கல், எதிரே வரும் பேருந்து ஆகிய நான்கும் ஒன்றுசேரக் கூடாதவை. ஆனால் இந்த விளையாட்டின் பயிற்சியில் கணிசமான பங்கு சக்கரம் இல்லாமலே நடப்பது. குனிந்த நிலையில் பக்கவாட்டாக நடப்பது, ஒற்றைக் காலில் தாவி இறங்குவது, வழவழப்பான பலகையில் காலுறையோடு இடவலமாகச் சறுக்குவது, மேட்டில் சைக்கிள் மிதிப்பது போன்றவை உலகெங்கும் வீரர்கள் அன்றாடம் செய்பவை. 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்ற அமெரிக்கப் பனி ஸ்கேட்டிங் வீரர் எரிக் ஹைடன், பின்னர் சைக்கிள் வீரராகி 1986-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே கலந்துகொண்டார். இரண்டுக்கும் வேண்டிய தொடை ஒன்றுதான்.

ஊரின் அளவு தடையல்ல என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஓகாலா நல்ல சான்று. மக்கள்தொகை அறுபதாயிரத்தைச் சற்றே தாண்டும். 2011 கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சி நகரின் மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். ஓகாலா வெப்பமான ஊர், குதிரை வளர்ப்புக்குப் பெயர்போனது. அங்கே ரெனே ஹில்டபிராண்ட் என்ற பயிற்றுநரிடம் இன்லைன் கற்ற மூன்று பேர் பிரிட்டனி போ, ஜோயி மான்ஷியா, எரின் ஜாக்சன். மூவரும் பின்னாளில் பனிக்கு மாறி, மூவரும் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றனர்.

அந்த ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் பந்தயத்தில் ஜாக்சன் 500 மீட்டரில் கால் தடுமாறி மூன்றாவதாக வந்தார். அப்போது அமெரிக்காவுக்கு இருந்தவை இரண்டு இடங்கள். முதலாவதாக வந்த பிரிட்டனி போ தன் இடத்தை ஊர்க்காரியும் தோழியுமான ஜாக்சனுக்கு விட்டுக்கொடுத்தார். பெய்ஜிங்கில் ஜாக்சன் 500 மீட்டர் தங்கம் வென்று, குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். அமெரிக்காவுக்குக் கூடுதலாக ஓர் இடம் கிடைத்ததால் போவும் அதே பந்தயத்தில் ஓடினார். 1000 மீட்டரில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது.